கொலையுண்டவர் ஏன் சாமியானார்?

(ஆய்வு மாணவர்களின் வாசிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

மதம் ஏன் தோன்றியது, இவ்வளவு அறிவியல் வளர்ந்த பிறகும் ஏன் நிலைத்திருக்கிறது என்று பேசச் சொல்லியிருக்கிறீர்கள். நம் மேடைகளில் இதற்கு ஆயத்தமாக இரண்டு பதில்கள் உண்டு. ஒன்று, இடிக்கும் மின்னலுக்கும் நடுங்கிய ஆதிமனிதனின் அறியாமையில் கடவுள் பிறந்தார் என்பது. இன்னொன்று, உழைக்காமல் உண்ண நினைத்த புரோகிதர் கூட்டம் கடவுளைச் செய்து விற்றது என்பது. இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இந்த இரண்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு தென்மாவட்டத்தில் நடக்கும் ஒரு கோயில் கொடையைக்கூட விளக்க முடியாது.

அறியாமைதான் காரணம் என்றால், ராக்கெட் ஏவுவதற்கு முன்னால் அதன் சிறு மாதிரியைத் திருப்பதிக்கு எடுத்துப்போகும் இஸ்ரோ அறிவியலாளர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது? இடி ஏன் இடிக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாதா? புரோகிதர் சூழ்ச்சிதான் காரணம் என்றால், பார்ப்பனர் ஒருவரும் எட்டிப் பார்க்காத, மந்திரமே ஒலிக்காத, வேப்பமரத்தடியில் ஒரு கல்லும் ஒரு சூலமும் மட்டுமே இருக்கிற பீடத்தை யார் சூழ்ச்சி செய்து நட்டார்கள்? பியூ ஆய்வு மையம் 2019-20இல் இந்தியா முழுவதும் ஏறத்தாழ 30,000 பேரிடம் ஓர் ஆய்வு நடத்தியது. அவர்களில் 97 விழுக்காட்டினர் தங்களுக்குக் கடவுள் நம்பிக்கை உண்டு என்றார்கள். இத்தனை பேரையும் முட்டாள்கள் என்று சொல்லிவிட்டு நாம் எந்த மக்களிடம் அரசியல் பேசப்போகிறோம்?

மார்க்ஸ் 1844இல் எழுதியதில் 'அபின்' என்ற ஒரு சொல்லை மட்டும் நாம் பிடித்துக்கொண்டோம். அந்தக் காலத்தில் அபின் போதைப்பொருள் மட்டுமல்ல, வலிக்குக் கொடுக்கிற மருந்தும்கூட. அந்தச் சொல்லுக்கு முந்தைய வரிகளில் அவர் பேசுவது வலியைப் பற்றித்தான். வலி எங்கே இருக்கிறது என்று தொட்டுப் பார்க்காமல் மருந்தைத் திட்டிப் பயனில்லை. இன்று ஒரே ஒரு வலியை எடுத்துக்கொள்கிறேன். அது சாவு. அதிலும் குறிப்பாகக் கொலை.

ரஷ்யாவில் விளாதிமிர் நகருக்கு அருகே சுங்கிர் என்றோர் இடம். முப்பதாயிரம் ஆண்டுகளுக்கும் முன்னால் அங்கே இரண்டு சிறுவர்களை ஒரே குழியில் தலையோடு தலை வைத்துப் புதைத்திருக்கிறார்கள். உடல்களின் மேல், மாமூத் யானையின் தந்தத்தில் செதுக்கித் துளையிட்ட பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மணிகள். ஒரு மணியைச் செய்ய ஒரு மணி நேரம் என்று வைத்தாலும் பத்தாயிரம் மணி நேர உழைப்பு. பனிக்குளிரில் வேட்டையாடி வயிறு வளர்த்த ஒரு கூட்டம், இனி எந்தப் பயனும் தராத இரண்டு பிள்ளைகளுக்காக அந்த உழைப்பைக் கொட்டியிருக்கிறது. அங்கே பூசாரி இருந்தாரா, கடவுளுக்குப் பெயர் இருந்ததா என்றெல்லாம் எலும்பு சொல்லாது. செத்தவர்களை அப்படியே விட்டுவிட்டுப் போக அவர்களால் முடியவில்லை என்பது மட்டும் தெரிகிறது.

நம் தாமிரபரணிக் கரைக்கு வந்தால் ஆதிச்சநல்லூர். முதுமக்கள் தாழிகள், இரும்புக் கருவிகள், நெற்றியில் கட்டும் தங்கப் பட்டங்கள், நெல் உமி. செத்தவருக்கு எதற்கு நெல்? இனி அவருக்குப் பசிக்காது என்பதை மனம் ஏற்க மறுக்கிறது, அவ்வளவுதான். இன்றைக்கும் நம் வீடுகளில் செத்தவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைக்கிறார்கள். உலகத்தை யார் படைத்தார் என்ற கேள்வி தத்துவவாதிக்கு வருவது. நேற்று வரை பக்கத்தில் படுத்திருந்தவள் எங்கே போனாள் என்ற கேள்வி எல்லோருக்கும் வரும். மதம் தொடங்கிய இடங்களில் இந்தக் கேள்வி மிகப் பழையது என்று நான் நினைக்கிறேன். படைப்புக் கடவுள் பின்னால் வந்து சேர்ந்தவர்.

நடுகல் இந்தக் கேள்விக்குத் தமிழ் நிலத்தில் கிடைத்த விடைகளில் ஒன்று. ஆநிரை மீட்கும் சண்டையில் விழுந்தவனுக்குக் கல் நட்டு, பெயர் எழுதி, மயிற்பீலி சூட்டி, கள் படைத்தார்கள். புறநானூற்றின் 335ஆம் பாட்டில் மாங்குடி கிழார் சொல்வதைக் கவனியுங்கள். பகைவரை எதிர்த்து நின்று விழுந்தவனின் கல்லைத் தவிர, நெல் தூவி வழிபடுவதற்கு வேறு கடவுள் தங்களுக்கு இல்லை என்கிறார். துடியன், பாணன், பறையன், கடம்பன் ஆகிய நான்கையும் தவிர வேறு குடி இல்லை என்பதும் அதே பாட்டில்தான் வருகிறது. பறையர் என்ற பெயர் இழிவாக ஆக்கப்படாத ஒரு காலத்தின் பாட்டு, செத்த மனிதனைத் தவிர வேறு சாமி இல்லை என்று சொல்கிற பாட்டாகவும் இருக்கிறது. இந்த ஒரு பாட்டை வைத்துப் பொற்காலம் எதையும் கட்ட வேண்டாம். அந்தச் சமூகத்திலும் ஏற்றத்தாழ்வு இருந்தது. ஆனாலும் கடவுளும் குடியும் வேறு மாதிரி எண்ணப்பட்ட காலம் ஒன்று இருந்தது என்பதற்கு அது சாட்சி.

சண்டையில் விழுந்த வீரனுக்குக் கல் நடுவது எளிதில் புரிகிறது. ஊருக்காகச் செத்தான், ஊர் கும்பிடுகிறது. புரியச் சிரமமாக இருப்பது அடுத்த கட்டம். ஊரே கொன்றவனை ஊர் ஏன் கும்பிடுகிறது?

தென்மாவட்டங்களில் குலசாமிக் கதைகளைக் கேட்டுக்கொண்டு போனால், ஒரு கட்டத்தில் அவற்றைக் கொலை வழக்குகளின் தொகுப்பு என்றுதான் சொல்லத் தோன்றும். சாதி மாறிக் காதலித்ததற்காகச் சொந்த அண்ணன்மார் வெட்டிப்போட்ட தங்கை. திருட்டுப் பட்டம் கட்டி அடித்துக் கொல்லப்பட்ட வேலையாள். வயிற்றுப் பிள்ளையோடு கிணற்றில் விழுந்தவள், அல்லது தள்ளப்பட்டவள். ஒவ்வொருவருக்கும் ஒரு பீடம், ஆண்டுக்கு ஒரு படையல். கும்பிடுகிறவர்கள் பல இடங்களில் கொலை செய்தவர்களின் வாரிசுகள். கதை சொல்கிற பெரியவர் அதை மறைப்பதும் இல்லை. 'எங்க பாட்டன்மாருதான் செஞ்சது, அதுக்கப்புறம் வீட்ல பிள்ளை தங்கல, மாடு செத்துச்சு, குறி கேட்டோம், அவதான்னு தெரிஞ்சுது, பீடம் போட்டோம்' என்று நேராகவே சொல்வார்.

இதை வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிட்டால் உள்ளே இருப்பது கண்ணில் படாமலே போய்விடும். ஒரு கொலை நடந்திருக்கிறது. கொன்றவர்கள் அதே ஊரில் நிலம் வைத்திருக்கிறார்கள். புகார் கொடுக்க ஆளில்லை, கேட்க மன்றமில்லை. பஞ்சாயத்து அவர்களுடையது. அந்த நிலையில் செத்தவருக்கு ஒரே ஒரு வழிதான் மிச்சம். கனவில் வர வேண்டும், பிள்ளைக்குக் காய்ச்சலாக வர வேண்டும், யார் மேலாவது இறங்கிப் பேச வேண்டும். சாமியாட்டத்தில் கொலையுண்டவள் தன் வாயால் தன் கொலையைச் சொல்கிறாள். கொன்ற குடும்பம் கும்பிட்டு நின்று கேட்கிறது. வேறெந்த மேடையிலும் நடக்க முடியாத விசாரணை அது. ஆனால் தீர்ப்பு என்ன? ஓர் ஆட்டுக்கிடா, ஒரு பானைப் பொங்கல், ஒரு பட்டுச் சேலை. நிலம் கைமாறவில்லை, கொன்றவர் தலை குனிந்து ஊரைவிட்டுப் போகவில்லை, அடுத்த கொலை தடுக்கப்படவும் இல்லை. நீதிக்குப் பதிலாகப் பொங்கல் கிடைத்தது. குற்ற உணர்வு இருந்ததையும், அது மலிவாகத் தீர்த்துக்கொள்ளப்பட்டதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்பது என் நிலைப்பாடு.

ஃபிராய்ட் 1913இல் எழுதிய நூலில், தந்தையைக் கொன்ற மகன்கள் பிறகு அந்தத் தந்தையையே வழிபட்டார்கள், மதம் அங்கேதான் தொடங்கியது என்று ஒரு கற்பனை ஆதிகாலத்தை வரைந்தார். மானிடவியலாளர்கள் அதை ஏற்கவில்லை. அவ்வளவு தொலைவான ஆதிகாலத்துக்கு அவர் போயிருக்க வேண்டியதில்லை, திருநெல்வேலிக்கு வந்திருந்தால் போதும் என்று எனக்கு அடிக்கடித் தோன்றும். ஆனால் இங்கே கொல்லப்பட்டவர் தந்தை அல்ல. ஊரில் யாரைக் கொன்றால் கேள்வி வராதோ அவர்.

பேராசிரியர் நா. வானமாமலை பதிப்பித்த கதைப்பாடல்களை நீங்கள் கட்டாயம் வாசிக்க வேண்டும். முத்துப்பட்டன் கதை அதில் ஒன்று. பட்டன் பார்ப்பனர். பொம்மக்கா, திம்மக்கா என்ற இரு சக்கிலியப் பெண்களைக் காதலிக்கிறான். அவர்களுடைய தகப்பன் வாலப்பகடை எடுத்த எடுப்பில் சம்மதிக்கவில்லை. பூணூலை அறு, குடுமியை எடு, தோல் வேலை பழகிச் செருப்புத் தைத்துக் காட்டு, பிறகு பெண் தருகிறேன் என்கிறார். பட்டன் செய்கிறான். சாதியை விட்டுக் கீழே இறங்குவதாக ஊர் நினைத்ததை, தகுதி பெறுவதற்கான நிபந்தனையாக வைக்கிறது அந்தப் பாட்டு. பிறகு மாமனாரின் மாடுகளைக் கவர்ந்தவர்களோடு சண்டையிட்டு அவன் கொல்லப்படுகிறான். மனைவியர் இருவரும் தீயில் இறங்குகிறார்கள். பாபநாசம் மலை மேலே சொரிமுத்து அய்யனார் கோயிலில் அவன் பட்டவராயன். இன்றைக்கும் அவனுக்குக் காணிக்கை தோல் செருப்பு.

அந்தக் கதைக்கு என்ன நடந்தது என்பதுதான் நமக்கு முக்கியம். காலப்போக்கில் இன்னொரு வடிவம் வந்து சேர்ந்தது. அந்தப் பெண்கள் உண்மையில் சக்கிலியர் அல்ல, காட்டில் கிடந்த உயர்குலக் குழந்தைகள், வாலப்பகடை எடுத்து வளர்த்தார் என்றது அது. மதுரைவீரனுக்கும் இதேதான். அருந்ததியர் மக்கள் தங்கள் குலத்தவனாகக் கொண்டாடுகிற அவனை, காசி ராஜாவின் மகன், காட்டில் விடப்பட்டவன், சக்கிலியத் தம்பதியர் வளர்த்தார்கள் என்றாக்கியது கதை. 1956இல் எம்.ஜி.ஆர். நடித்து வெளிவந்த படமும் அந்த அரண்மனைப் பிறப்பையே எடுத்துக்கொண்டது. மாறுகால் மாறுகை வாங்கப்பட்டு இறந்தவன் அவன். சாமியான பிறகும் மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குக் கோபுர வாசலருகேதான் அவனுக்கு இடம், உள்ளே இல்லை. கழுவேற்றப்பட்ட காத்தவராயன் சிவனின் சாபம் பெற்ற பிள்ளையாக்கப்பட்டான். நம் ஆள் வீரனாக இருக்கலாம், அழகனாக இருக்கலாம், ஆனால் அவன் நம் வயிற்றில் பிறந்திருக்கக் கூடாது. இதைப் பிறப்புச் சலவை என்று நான் குறித்து வைத்திருக்கிறேன். கொலையை மறைக்க வேண்டிய தேவை சாதிக்கு இல்லை, அது ஊரறிந்த கதை. கொலைக்கான காரணத்தை மறைத்தால் போதும். செத்தவன் ராஜா மகன் என்றாகிவிட்டால், நடந்தது சாதிக் கொலை அல்ல, ஆள் தெரியாமல் நடந்த தவறு.

மாரியம்மன் கதையில் இது இன்னும் கூர்மையாக இருக்கிறது. பரசுராமன் தகப்பன் சொல்கேட்டுத் தாய் ரேணுகையைத் துரத்துகிறான். அவள் சேரிக்குள் ஓடி ஒரு பெண்ணைக் கட்டிக்கொள்கிறாள். அடைக்கலம் கொடுத்த அந்தப் பெண்ணையும் சேர்த்து வெட்டுகிறான். பிறகு உயிர்ப்பிக்கும்போது தலையும் உடலும் மாறிவிடுகின்றன. ரேணுகையின் தலை, சேரிப் பெண்ணின் உடல். அதுதான் மாரியம்மன் என்பது பல ஊர்களில் சொல்லப்படும் கதை. குடியாத்தத்தில் ஆண்டுதோறும் கெங்கையம்மனின் சிரசு ஊர்வலம் நடக்கிறதே, அதற்குப் பின்னால் இருப்பதும் இந்தக் கதைதான். தலைக்குப் பெயர் இருக்கிறது, ஊர் இருக்கிறது, புருசன் பெயர் இருக்கிறது. ஓடிவந்தவளுக்குக் கதவைத் திறந்ததைத் தவிர வேறெதுவும் செய்யாமல் வெட்டுப்பட்ட அந்தப் பெண்ணின் பெயர் என்ன? கேட்டுப் பாருங்கள். பூசாரிக்குத் தெரியாது.

சரி, இது தோற்றம். நிலைத்திருப்பது எப்படி?

மாரியம்மனையே எடுத்துக்கொள்வோம். அவள் அம்மை நோயின் தெய்வம். பெரியம்மை ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 1980இல் அறிவித்தது. இந்தியாவில் அதற்கும் ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே அது முடிந்துவிட்டது. நோய் மீதான பயம்தான் மாரியம்மன் என்றால், இந்த நாற்பத்தைந்து ஆண்டுகளில் கோயில்கள் பாழடைந்திருக்க வேண்டும். நடந்தது வேறு. தகரக் கூரைக்குப் பதில் கான்கிரீட் வந்தது, கோபுரம் எழுந்தது, குடமுழுக்கு நடக்கிறது, சுவரெல்லாம் நன்கொடையாளர் பெயர்கள். அம்மை போய்விட்டது, அம்மன் போகவில்லை. ஏனென்றால் அம்மன் செய்துகொண்டிருந்தது வைத்தியம் மட்டுமல்ல.

பிரெஞ்சு சமூகவியலாளர் துர்க்கைம் 1912இல் ஒரு விளக்கம் கொடுத்தார். மனிதர்கள் கூடிச் சேரும்போது தனித்தனியாக இருக்கையில் இல்லாத ஒரு வேகம், ஒரு நெகிழ்ச்சி வருகிறது. அந்தச் சக்தியைத் தங்களுக்கு வெளியே இருப்பதாக உணர்ந்து அதற்குக் கடவுள் என்று பெயர் வைக்கிறார்கள். அதாவது சமூகம் தன்னையே கும்பிடுகிறது. முளைப்பாரி ஊர்வலத்தில் ஒரு முறை நடந்தவர்களுக்கு இது புத்தகம் இல்லாமலே புரியும். ஆனால் துர்க்கைம் நம் ஊருக்கு வரவில்லை. சமூகம் தன்னைக் கும்பிடுகிறது என்றால், எந்தச் சமூகம்? இங்கே ஊர் வேறு, சேரி வேறு.

திருவிழாவுக்கு முன்னால் வரி போடுவார்கள். தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று. வரி கொடுப்பது செலவு, அதை யாராவது சண்டை போட்டுக் கேட்பார்களா என்று நகரத்து நண்பர்கள் நினைக்கலாம். எங்களிடமும் வரி வாங்கு என்று பட்டியல் சாதி மக்கள் எத்தனையோ ஊர்களில் போராடியிருக்கிறார்கள், மனு கொடுத்திருக்கிறார்கள், அடி வாங்கியிருக்கிறார்கள். வரி நோட்டில் பெயர் இருந்தால்தான் ஊரில் நீ ஒரு ஆள். வரி வாங்க மாட்டோம் என்பதன் பொருள், நீ ஊரில்லை என்பது. முதல் மரியாதை யாருக்கு, தேர் எந்தத் தெரு வழியாகப் போகிறது, பறை யார் அடிப்பது, எச்சில் இலை யார் எடுப்பது என்று ஒவ்வொன்றிலும் ஊர் தன் கணக்கை ஆண்டுக்கொரு முறை பொதுவில் வாசிக்கிறது. பட்டாவிலும் வாக்காளர் பட்டியலிலும் எழுத முடியாததைத் திருவிழாவில் எழுதுகிறார்கள். அரசமைப்புச் சட்டம் வந்து எழுபத்தைந்து ஆண்டுகள் ஆன பிறகும் மதம் ஏன் நிலைக்கிறது என்பதற்குத் தமிழ்நாட்டில் ஒரு முக்கியமான விடை இந்த நோட்டில் இருக்கிறது.

விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோயில். 2023 ஏப்ரலில் திருவிழாவின்போது உள்ளே நுழைந்த பட்டியல் சாதியினர் தாக்கப்பட்டார்கள். ஜூனில் கோயிலையே பூட்டி முத்திரை வைத்தது அரசு நிர்வாகம். 2025 ஏப்ரலில் காவல்துறைப் பாதுகாப்போடு அவர்கள் உள்ளே சென்று வழிபட்டார்கள். சபையில் ஆடை உரியப்பட்டு நீதி கேட்டவளின் கோயில் அது என்பதை நான் தனியாக விளக்க வேண்டியதில்லை. நம் தோழர்களிலேயே சிலர், அந்தச் சாமி எதற்கு, அவர்களுக்குத் தனிக் கோயில் கட்டிக்கொள்ளட்டுமே, அல்லது சாமியே வேண்டாம் என்று விடட்டுமே என்றார்கள். கடவுள் இல்லை என்று சொன்ன பெரியார் 1924இல் வைக்கத்துக்கு ஏன் போனார்? அனைத்துச் சாதியினரும் அர்ச்சகர் ஆக வேண்டும் என்று கடைசி வரை ஏன் வலியுறுத்தினார்? கருவறைக்குள் இருப்பது கல் என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை. கல்லைச் சுற்றிப் போடப்பட்டிருக்கும் கோடு மனிதர்களுக்கு இடையில் போடப்பட்டது என்பதிலும் அவருக்குச் சந்தேகமில்லை.

பிப்பா நோரிஸ், ரொனால்டு இங்கிள்ஹார்ட் என்ற இரு அரசியல் அறிஞர்கள் பல நாடுகளின் தரவுகளை வைத்து 2004இல் ஒரு நூல் எழுதினார்கள். பசி, நோய், வேலையின்மை, முதுமை ஆகியவற்றுக்குச் சமூகப் பாதுகாப்பு உள்ள நாடுகளில் மதத்தின் பிடி தளர்கிறது என்பது அவர்களின் முடிவு. ஸ்காண்டிநேவிய நாடுகள் அதற்கு உதாரணம். நமக்கும் இது பொருந்தும் என்றே நினைக்கிறேன், ஒரு திருத்தத்தோடு. ரேஷனும் மருத்துவக் காப்பீடும் பயத்தைக் குறைக்கும். வரி நோட்டில் பெயர் சேர்க்காது. பசி தீர்ந்த பிறகும் 'நான் யார், எனக்கு யார் இருக்கிறார்கள்' என்பது மிச்சமிருக்கும்.

இதை நம் முன்னோடிகள் நம்மைவிடத் தெளிவாகப் புரிந்துவைத்திருந்தார்கள். அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கினார். அவர் மக்களிடம் பண்டிகைகளை விட்டுவிடுங்கள் என்று சொல்லவில்லை. தீபாவளி நரகாசுரனைக் கொன்ற நாள் அல்ல, பௌத்தர்கள் எள்ளில் நெய் கண்ட நாள் என்றார். வரலாறாக அதை நிறுவ முடியுமா என்பது வேறு கேள்வி, எனக்கு அதில் தயக்கம் உண்டு. கொலையைக் கொண்டாடும் நாளை உழைப்பைக் கொண்டாடும் நாளாக அவர் மாற்றினார் என்பதுதான் நான் கவனிப்பது. பிறப்புச் சலவைக்கு எதிராக அவர் செய்தது கதைத் திருப்பல்.

அண்ணல் அம்பேத்கர் 1930இல் நாசிக் காலாராம் கோயில் நுழைவுப் போராட்டத்தைத் தொடங்கியவர். 1935இல் இயோலாவில், இந்துவாகச் சாக மாட்டேன் என்று அறிவித்தார். 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் இலட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் ஏற்றார். அவ்வளவு படித்தவர், தர்க்கத்தில் யாரும் நெருங்க முடியாதவர், ஏன் நாத்திகத்தோடு நிற்கவில்லை என்று நம் இளைஞர்கள் என்னிடம் கேட்பதுண்டு. அவர் மறைவுக்குப் பின் 1957இல் வெளிவந்த நூலில் மதம், தம்மம் இரண்டையும் பிரிக்கிறார். மதம் கடவுளையும் ஆன்மாவையும் பற்றியது, தனிமனிதனின் சொந்த விஷயம். தம்மம் மனிதனுக்கும் மனிதனுக்கும் இடையிலான உறவைப் பற்றியது. இன்னொருவர் இருந்தால்தான் அதற்கு வேலை. ஊரைவிட்டு வெளியேறுகிற மக்களுக்கு வேறோர் ஊர் வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. பிள்ளைக்குப் பெயர் வைக்க, தாலி கட்ட, சாவுக்குத் தோள் கொடுக்க ஆள் வேண்டும். இந்த வேலைகளை எடுத்துக்கொள்ளாமல் கடவுள் மறுப்பு மட்டும் பேசினால், மறுப்பாளன் வீட்டுச் சாவுக்கே புரோகிதர் வந்து நிற்பார்.

பெரியாரிடமும் இது இருந்தது. சுயமரியாதைத் திருமணம் புரோகிதரை வெறுமனே திட்டவில்லை, அவருடைய நாற்காலியில் தலைவரையும் தோழரையும் உட்கார வைத்தது. 1967இல் சட்டமும் ஆனது. சாவுக்குப் படத்திறப்பு வந்தது. இன்று கடவுள் நம்பிக்கை உள்ள வீடுகளிலும் படத்திறப்பு நடக்கிறது. மதத்தின் வேலையை மதமில்லாமல் செய்து காட்டிய, உலக அளவில் பேசப்பட வேண்டிய ஒரு கண்டுபிடிப்பு அது. நாம் அதைப் பற்றி ஒரு நல்ல ஆய்வுகூடச் செய்யவில்லை.

கொலையுண்டவர்களிடம் திரும்புவோம். 1957 செப்டம்பர் 11 அன்று இமானுவேல் சேகரன் கொல்லப்பட்டார். ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் பரமக்குடிக்கு மக்கள் வருகிறார்கள். மாலையோடு வருபவர்கள் இருக்கிறார்கள், முளைப்பாரியோடும் பால்குடத்தோடும் வருபவர்களும் இருக்கிறார்கள். இதைப் பார்த்து முகம் சுளிக்கிற தோழர்களை எனக்குத் தெரியும். நான் சுளிப்பதில்லை. மதம் எப்படித் தோன்றியது என்று கேட்டீர்களே, அது நம் கண் முன்னால் நடக்கிறது. எனக்குள்ள கவலை பால்குடம் அல்ல, சலவை. நூறாண்டு கழித்து யாராவது அவரையும் ராஜா வீட்டுப் பிள்ளை என்று எழுதிவிடக் கூடாது. கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு எரிக்கப்பட்ட 44 பேரின் விஷயத்திலும், மேலவளவில் 1997இல் வெட்டப்பட்ட முருகேசன் உள்ளிட்டவர்கள் விஷயத்திலும் நாம் செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான்: பெயர், வயது, சாதி, கூலி, நிலம், கொன்றவர் யார், எதற்காகக் கொன்றார் என்று எழுதி வைப்பது. வெண்மணி வழக்கில் நிலவுடைமையாளர்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது என்பதையும் சேர்த்து. மன்றம் கைவிட்ட இடத்தில்தான் பீடம் முளைக்கிறது.

மன்றம் கைவிடாதபோது என்ன ஆகும்? கோகுல்ராஜ் வழக்கைப் பாருங்கள். 2015 ஜூனில் திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலுக்கு உடன் படித்த பெண்ணோடு போனார். அங்கிருந்து கடத்தப்பட்டார். மறுநாள் ரயில் தண்டவாளத்தில் உடல் கிடந்தது. தற்கொலை என்று முடித்துவிட முயற்சி நடந்தது. கோயிலில் இருந்த கண்காணிப்பு கேமராப் பதிவு முக்கியச் சான்றானது. ஆணும் பெண்ணும் பாதிப்பாதியாக நிற்கிற சாமி எதுவும் சொல்லவில்லை, கேமரா சொன்னது. 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. மேல்முறையீட்டில் நீதிபதிகள் நேரில் அந்தக் கோயிலுக்கே போய்ப் பார்த்தார்கள். 2023 ஜூனில் முதன்மைக் குற்றவாளியின் தண்டனையை உறுதி செய்தார்கள். முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னால் நடந்திருந்தால் கோகுல்ராஜுக்கு ஒரு பீடம் இருந்திருக்கும், அவரைக் காசியிலிருந்து வந்தவர் என்றும் யாராவது பாடியிருப்பார்கள். இப்போது தீர்ப்பு நகலில் அவருடைய சாதியும் கொன்றவர்களின் சாதியும் கொலைக்கான காரணமும் எழுத்தில் இருக்கின்றன. அதைச் சலவை செய்ய முடியாது.

ஆனால் 2015க்கும் 2022க்கும் இடையில் ஏறத்தாழ ஏழு ஆண்டுகள். அந்த ஏழு ஆண்டுகளும் ஒரு தாய் நீதிமன்றப் படி ஏறினார். சாவுக்கு மதம் ஓர் அட்டவணை வைத்திருக்கிறது: மூன்றாம் நாள், பதினாறாம் நாள், முப்பதாம் நாள், ஆண்டுத் திதி. அந்த நாட்களில் யாராவது வீட்டுக்கு வந்தாக வேண்டும், உலை வைத்தாக வேண்டும், செத்தவர் பெயரைச் சொல்லியாக வேண்டும். நம் இயக்கங்கள் முதல் நாள் வருகின்றன. கொடியோடும் முழக்கத்தோடும், அரசு வேலையும் இழப்பீடும் கேட்டு வருகின்றன. அது தேவை, அதில் குறை சொல்லவில்லை. பதினாறாம் நாளுக்குப் பிறகு அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பது யார் என்று களத்தில் பார்த்தால், பெந்தெகொஸ்தே சபையிலிருந்து வரும் அக்கா இருப்பார், இல்லையென்றால் குறி சொல்லும் பெண் இருப்பார். அவர்கள் ஏன் இருக்கிறார்கள் என்று ஆய்வுக் கட்டுரை எழுதுவதற்கு நான் இருக்கிறேன். சாப்பிட்டீங்களா அம்மா என்று கேட்பதற்கும், வாய்தாவுக்குப் பேருந்தில் கூடப் போவதற்கும் நம்மில் ஆள் குறைவு.

உங்கள் மாவட்டத்திலும் இப்படி ஒரு வழக்காவது நடந்துகொண்டிருக்கும். அதன் அடுத்த வாய்தா எந்தத் தேதி என்று இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? கை தூக்குங்கள். இதிலிருந்தே கலந்துரையாடலைத் தொடங்கலாம்.